மலையக வீட்டில் முதல் கேம் கன்சோல்: கையடக்கமா, டிவியில் பொருத்துவதா?

கேம் கன்சோல் வாங்க நினைக்கும் பலர் படத்தின் தெளிவையும் செயலியின் வேகத்தையும் முதலில் ஒப்பிடுகிறார்கள். இலங்கையின் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளை போன்ற நகரங்களிலும் அவற்றை அண்டிய தோட்டங்களிலும் வாழும் நமக்கு அந்த வரிசை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக்கு மின்சாரம் எப்படி வருகிறது, டிவியை யார் எந்நேரம் பார்க்கிறார்கள், சிக்னல் எந்த அளவுக்குக் கிடைக்கிறது என்ற மூன்றையும் அறிந்த பின்னரே கன்சோலின் பெயரைப் பற்றிப் பேச வேண்டும். அந்த வரிசையிலேயே கீழுள்ள படிகளை அமைத்திருக்கிறேன்.

படி 1: வகைகளைப் பிரித்தறியுங்கள்

திரை, பொத்தான்கள், பெட்டரி அனைத்தும் ஒரே உடலில் இருந்தால் அது கையடக்கக் கன்சோல். 1989இல் வெளிவந்த கேம் பாய், கடையில் கிடைக்கும் நான்கு சிறிய பெட்டரிகளில் இயங்கி இந்த வகையை உலகெங்கும் கொண்டுசென்றது. தனக்கெனத் திரை இல்லாமல், சுவரிலுள்ள பிளக்கையும் டிவியையும் நம்பியிருப்பது வீட்டுக் கன்சோல். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

2017 மார்ச்சில் வெளியான நின்டெண்டோ சுவிட்ச் இவ்விரண்டையும் இணைத்தது. கையில் வைத்து 6.2 அங்குலத் திரையில் ஆடலாம், அதன் தாங்கியில் வைத்தால் படம் டிவிக்குப் போய்விடும். ஆனால் 2019இல் வந்த சுவிட்ச் லைட் என்ற சிறிய மாதிரியை டிவியுடன் இணைக்கவே முடியாது. இரண்டின் பெயரும் ஒன்றுபோல் இருப்பதால் வாங்கும்போது பெட்டியை வாசித்து உறுதிசெய்யுங்கள். அதேபோல 2023இல் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டல் பார்வைக்குக் கையடக்கக் கன்சோல் போலத் தோன்றினாலும், விளையாட்டைத் தன்னுள் பதிவிறக்கி இயக்கும் திறன் அதற்கில்லை. அடிப்படையில் அது வீட்டிலுள்ள பிளேஸ்டேஷன் 5இன் படத்தை வைஃபை வழியாகப் பெற்றுக் காட்டும் கருவி. தடையற்ற இணைப்பு இல்லாத வீட்டில் அது பயன்படாது.

படி 2: மின்சாரத்தைக் கணக்கிடுங்கள்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்ததை நாம் மறக்கவில்லை. அந்த நிலை மாறிவிட்டாலும், மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் தோட்டப் பகுதிகளில் மின்சாரம் திரும்ப நேரமெடுக்கும். வீட்டுக் கன்சோல் ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் ஆட்டம் நிற்பது சிறிய இழப்பு. அந்த நொடியில் அது தரவை எழுதிக்கொண்டிருந்தால், பல வாரங்கள் ஆடிச் சேமித்த பதிவு சிதைந்துபோகக்கூடும். கையடக்கக் கன்சோலில் பெட்டரி இருப்பதால் இந்தக் கவலை இல்லை. சுவிட்சின் முதல் மாதிரி ஒரு சார்ஜில் ஏறக்குறைய இரண்டரை முதல் ஆறரை மணிநேரம் வரையும், 2019இல் வந்த திருத்திய மாதிரி நாலரை முதல் ஒன்பது மணிநேரம் வரையும் தாங்கும் என அதன் நிறுவனம் குறிப்பிடுகிறது.

மின்கட்டணத்திலும் இடைவெளி பெரிது. பிளேஸ்டேஷன் 5 கனமான விளையாட்டுகளில் 200 வாட் அளவில் எடுத்துக்கொள்ளும். தினமும் இரண்டு மணிநேரம் ஆடினால் மாதத்துக்கு 12 யூனிட் ஆகிறது, டிவியின் செலவு தனி. சீரீஸ் எஸ் அதில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கும். சுவிட்ச் டிவியில் பொருத்தப்பட்டிருந்தாலும் 20 வாட்டைத் தாண்டுவது அரிது. குறைந்த யூனிட் படிநிலையில் கட்டணம் செலுத்தும் குடும்பம் ஒன்றுக்கு, இந்த 12 யூனிட் பட்டியலை அடுத்த படிநிலைக்குத் தள்ளிவிடலாம் என்பதையும் கருதுங்கள்.

அடுத்தது வோல்ட். நமது மின்சாரம் 230 வோல்ட். இன்றைய கன்சோல்களின் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை என்பதால், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த சுவிட்சுக்கு முள் மாற்றி மட்டும் போதும். ஆனால் ஜப்பானிலிருந்து பழைய பொருளாக வந்திறங்கும் முந்தைய தலைமுறைக் கன்சோல்களில் 100 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை இருக்கின்றன, அவற்றை நேரடியாகச் செருகினால் கருகிவிடும். பின்புறத்தில் ஒட்டியுள்ள விவர அட்டையை வாசிக்காமல் எதையும் செருகாதீர்கள்.

இடி மின்னலைத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கும்போது சுவரிலுள்ள மின் சுவிட்சை அணைத்தால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். பிளக்கைக் கழற்றுவதுடன், டிவிக்கு வரும் டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். கூரையிலுள்ள டிஷ் வழியாக இறங்கும் மின்னழுத்தம் டிவியை அடைந்து, அங்கிருந்து இரண்டையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கன்சோலுக்குள் போகும். இடி நெருங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், தலைக்கு மேல் முழங்கும்போது வயரைத் தொடாதீர்கள். பழைய லயன் வீடு என்றால், வயரிங்கில் எர்த் இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் சரியாக உள்ளனவா என்பதை மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு பார்த்த பின்னரே வீட்டுக் கன்சோலைப் பற்றி யோசியுங்கள்.

படி 3: டிவியின் பின்புறத்தைப் பாருங்கள்

எச்டிஎம்ஐ துளை உள்ளதா என்று பாருங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் மட்டும் கொண்ட பழைய டிவிக்கு மாற்றி வாங்கி இணைக்க முடியும் என்றாலும் எழுத்துகள் மங்கி, வாசிக்க இயலாத அளவுக்குப் போய்விடும். வீட்டில் ஒரே டிவி இருந்து, மாலையில் அம்மாவும் பாட்டியும் நாடகம் பார்ப்பவர்களாயின், கையடக்கக் கன்சோலே குடும்ப அமைதிக்கு ஏற்றது. இது சிறிய காரணமன்று.

படி 4: டேட்டாவை அளந்து பாருங்கள்

இன்றைய பெரிய விளையாட்டுகள் 50 முதல் 100 ஜிபி வரை இருப்பது சாதாரணம். விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 50 ஜிபியை இறக்க ஏறக்குறைய பதினொரு மணிநேரம் ஆகும். மலைச்சரிவுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் 4ஜி ரவுட்டரை ஜன்னலோரம் வைத்துப் பெறும் வேகம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆகவே டிஸ்க் இடும் வசதி உள்ள கன்சோலை அல்லது கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறிய விளையாட்டு அட்டையை இடும் கையடக்கத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. சீரீஸ் எஸ் விலை குறைவானது என்றாலும் அதில் டிஸ்க் இடமே இல்லை. இணைய வசதி குன்றிய வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கார்ட்ரிட்ஜ் என்றாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2இன் சில விளையாட்டு அட்டைகளில் விளையாட்டு முழுமையாக இருப்பதில்லை. திறப்பதற்கான உரிமை மட்டுமே அட்டையில் இருக்கும், மற்றதை இணையத்தில் இறக்க வேண்டும். அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தில் இந்த அறிவிப்பு அச்சிடப்பட்டிருக்கும்.

படி 5: துணைக்கருவிகளைத் தேவைக்கேற்ப வரிசைப்படுத்துங்கள்

ஒளிரும் ஹெட்செட்டுக்கும் சார்ஜிங் மேடைக்கும் முன்பாக வாங்க வேண்டியவை உள்ளன. வீட்டுக் கன்சோலுக்கு முதல் துணை, மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் மின் தரும் யூபிஎஸ். கணினிக்குப் பயன்படுத்தும் 650 விஏ அளவுள்ளது ஆட்டத்தைச் சேமித்து முறையாக அணைப்பதற்கான சில நிமிடங்களைத் தரும், தொடர்ந்து ஆடுவதற்காக அதை வாங்காதீர்கள்.

கையடக்கத்துக்கு முதல் துணை நினைவக அட்டை. சுவிட்சுக்குச் சாதாரண மைக்ரோ எஸ்டி போதும். சுவிட்ச் 2இல் விளையாட்டுகளைப் பதிய மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான வகைதான் வேண்டும். பழைய அட்டையைச் செருகினால் அதிலுள்ள படங்களையும் காணொளிகளையும் மட்டுமே எடுக்க முடியும். 512 ஜிபி என அச்சிட்டு உள்ளே மிகக் குறைந்த கொள்ளளவு கொண்ட போலி அட்டைகள் சந்தையில் உலவுகின்றன. வாங்கியவுடன் கணினியில் முழு அட்டையையும் நிரப்பிச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது பவர் பேங்க். 20,000 எம்ஏஎச் கொண்ட, பவர் டெலிவரி என்ற வேகமாக சார்ஜ் ஏற்றும் வசதியுள்ள ஒன்று சுவிட்சின் பெட்டரியை மூன்று முறையளவில் நிரப்பும். கொழும்பில் வேலை செய்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்புவோருக்கு நீண்ட பயணத்தில் இது பெரிதும் உதவும்.

கையில் பிடித்து ஆடும் கட்டுப்படுத்திகளில் (கன்ட்ரோலர்) எக்ஸ்பாக்ஸின் அடிப்படைக் கட்டுப்படுத்தி இரண்டு ஏஏ பெட்டரிகளில் இயங்குவதால், தீர்ந்தால் பக்கத்துக் கடையிலேயே வாங்கி மாற்றலாம். பிளேஸ்டேஷன் 5இன் கட்டுப்படுத்தியில் உட்பொதிந்த பெட்டரி இருக்கிறது. திரைப் பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டுபவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: சுவிட்ச் ஓலெட் என்ற மாதிரி, சுவிட்ச் 2 ஆகியவற்றின் திரையில் தொழிற்சாலையிலேயே ஒரு மெல்லிய படலம் ஒட்டப்பட்டிருக்கும். அது கண்ணாடி உடைந்தால் சிதறாமல் காப்பது. கடைக்காரர் அதை உரிக்க முற்பட்டால் தடுத்துவிடுங்கள்.

படி 6: பழைய கன்சோலை இயக்கிப் பார்த்து வாங்குங்கள்

சுவிட்சாயின் அமைப்புகளில் ஸ்டிக் எனப்படும், விரலால் அசைக்கும் குமிழின் அளவீட்டுப் பக்கத்தைத் திறந்து, கையை எடுத்த பிறகும் குறி நகர்கிறதா எனப் பாருங்கள். நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது. கடையின் வைஃபையில் இணைத்து, இணையச் சேவை திறக்கிறதா என்று சோதியுங்கள். சட்டத்துக்குப் புறம்பான விளையாட்டுகளை ஓட்டிய சாதனத்தை நிறுவனம் தடைசெய்திருந்தால் அது அப்போதே தெரியும். முந்தைய உரிமையாளரின் கணக்கை நீக்கித் தொழிற்சாலை நிலைக்கு மாற்றித் தருமாறு கேளுங்கள். சுவிட்ச் 2இல் ஜப்பானிய மொழிக்கு மட்டுமான, ஜப்பான் கணக்குகளுக்கு மட்டுமே உரிய மாதிரி ஒன்று உள்ளது. விலை குறைவு என்பதால் அதை வாங்கிவிட வேண்டாம்.

படி 7: வாங்கிய பிறகு

முதல் இயக்கத்துக்கு இணையம் தேவை. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கன்சோல்கள் இணையம் இன்றித் தொடக்க அமைப்பையே முடிப்பதில்லை. பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் என்ற மெல்லிய மாதிரிக்குத் தனியாக வாங்கும் டிஸ்க் டிரைவையும் ஒருமுறை இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். கணக்குத் தொடங்கும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நாட்டைத் தேர்ந்தால், விளையாட்டு வாங்கப் பயன்படும் பரிசு அட்டைகளையும் அதே நாட்டுக்குரியவையாக வாங்க வேண்டும்.

மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் கன்சோலை மண்சுவரோரத்திலோ அடுப்படிப் புகை படும் இடத்திலோ வைக்காதீர்கள். காற்றுத் துளைகளை மூடாமல், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். நுவரெலியாவில் உறைபனி பெய்யும் ஜனவரிக் காலையில், குளிர்ந்து கிடக்கும் கையடக்கத்தை உடனே சார்ஜில் போட வேண்டாம். 5 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பநிலையே அதற்கு உகந்தது. குளிர்ந்த கருவியுடன் அதிகாலை பஸ் ஏறிக் கொழும்பின் புழுக்கத்தில் இறங்குவோர் பையை உடனே திறந்தால் ஈரக்காற்று உள்ளே நீராகப் படியும். ஒரு மணிநேரம் பையிலேயே விட்டு, கருவி அறையின் வெப்பத்தை அடைந்த பின் இயக்குங்கள்.