ராஸ்ப்பெரி பை பாட்டுப்பெட்டிக்கு எந்த டிஜிட்டல் இணைப்பு? யாங்கோன் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ராஸ்ப்பெரி பை (சுருக்கமாகப் பை) என்ற சின்னக் கணினி போர்டில் பாட்டுப்பெட்டி செய்ய நினைப்பவர்கள், டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவியான டாக்கைப் பற்றி முதலில் கேட்பது "எந்த டாக் வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் என்னென்ன இன்புட் இருக்கின்றன? அந்த ஆம்ப்ளிஃபயரும் பையும் கரண்டை எங்கிருந்து எடுக்கின்றன? யாங்கோனில் இரண்டாவது கேள்விதான் பெரியது. மின்வெட்டு நேரத்தில் பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் ஓடும் வீட்டில், நொடிக்கு 192,000 மாதிரிகள் (192 கிலோஹெர்ட்ஸ்) தாங்கும் இணைப்பைத் தேடி அலைவதைவிட இரைச்சலைக் கடத்தாத இணைப்பைத் தேடுவதே காதுக்கு நல்லது.

கேட்கப்போகும் பாட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். சீடியிலிருந்து எடுத்த முருகன் பாட்டும் பழைய சினிமாப் பாட்டும் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இணைய வானொலி பெரும்பாலும் 44.1 அல்லது 48. கீழே சொல்லும் எல்லா இணைப்புகளும் இதைத் தாராளமாகத் தாங்கும். ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பையிலேயே இருக்கும் 3.5 மிமீ துளையை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அதில் தனி டாக் சிப் கிடையாது, சத்தம் சுமார்தான். பை 5இல் அந்தத் துளையே இல்லை.

யுஎஸ்பி

தொல்லை குறைந்த வழி இது. யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 என்ற பொதுத் தரத்தில் ஓடும் டாக்குகளுக்கு லினக்ஸில் தனி டிரைவர் வேண்டாம், செருகினால் போதும். 'அசிங்க்ரனஸ்' வகையா என்று பாருங்கள். அந்த வகையில் தாளம் போடுவது டாக்கின் சொந்தக் கடிகாரம், பையின் கடிகாரக் குறை பாட்டில் ஏறாது. விலை மலிந்த பிசிஎம்2704 சிப் டாக் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பாட்டுக்கு அதுவும் போதும்.

பை 3பி+ வரையான பழைய போர்டுகளில் யுஎஸ்பி துளைகளும் லேன் கேபிளும் ஒரே யுஎஸ்பி 2.0 பாதையைப் பகிர்கின்றன. ஹார்ட் டிஸ்க், லேன், டாக் மூன்றும் சேர்ந்து ஓடும்போது 'டிக் டிக்' என்று விட்டுப்போகும். 2019இல் வந்த பை 4 முதல் லேனுக்குத் தனிப் பாதை, இந்தத் தொல்லை தீர்ந்தது. ஆரஞ்சு பை போன்ற மற்ற போர்டு வைத்திருந்தால் யோசிக்காமல் யுஎஸ்பிக்கே போங்கள். அவற்றில் ஐ2எஸ் (போர்டின் பின்களிலிருந்து நேரே டாக்குக்குப் போகும் டிஜிட்டல் இணைப்பு) பின் வரிசையும் அமைப்பும் போர்டுக்குப் போர்டு மாறும்.

இரைச்சலைத் தடுக்க, இரண்டு பக்கத்து மின்சுற்றையும் பிரித்துவைக்கும் யுஎஸ்பி ஐசலேட்டர் வாங்குபவர்கள் சிப்பின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். ஏடியுஎம்4160 சிப் வைத்தவை 12 மெகாபிட் வேகத்துக்கு மட்டுமே. கிளாஸ் 2 டாக் அதில் 96 கிலோஹெர்ட்ஸுக்குள் இறங்கிவிடும், இல்லையென்றால் தெரியவே தெரியாது. அதோடு அந்தப் போர்டில் இருக்கும் 1 வாட் கன்வெர்ட்டர் 200 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும். டாக் அதற்கு மேல் இழுத்தால் பாதிப் பாட்டில் அறுந்துபோகும்.

ஐ2எஸ்: போர்டின் மேலேயே டாக்

செலவு குறைவு, பெட்டியும் சின்னதாக முடியும். பிசிஎம்5102ஏ டாக் மாட்யூல் ஒன்றும் ஐந்தாறு கம்பிகளும் போதும். பையின் 40 பின் வரிசையில் 5 வோல்ட் 2ஆம் பின், கிரவுண்ட் 6, பிட் கிளாக் 12, இடவலக் கிளாக் 35, டேட்டா 40. மாட்யூலில் 'டின்' (டேட்டா இன்) என்று இருக்கும் முனையைப் பையின் 'டின்' பின்னான 38இல் கொடுத்துவிட்டு, சத்தமே வரவில்லை என்று தேடுபவர்கள் நிறையப் பேர். பையிலிருந்து டேட்டா வெளியே வருவது 40இல். மாட்யூலின் 'எஸ்சிகே' முனையைக் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள். மிதக்க விட்டால் சத்தம் வரலாம், வராமலும் போகலாம். பின்பக்கத்தில் நான்கு சால்டர் பாலங்கள் இருக்கும். 1, 2, 4 'எல்' பக்கம், 3 'எச்' பக்கம் இருக்க வேண்டும். 3 மியூட் கால், அது 'எல்'லில் இருந்தால் டாக் வாய் திறக்காது.

கம்பி 10 செமீக்குள் இருக்கட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே பிட் கிளாக் 2.8 மெகாஹெர்ட்ஸுக்கு ஓடுகிறது, நீளக் கம்பியில் அலை திரும்பி வந்து 'டிக்' சத்தம் போடும். ரிமோட்டுக்கான ஐஆர் ரிசீவரை ஜிபிஐஓ (பையின் சிப் தரும் பின் எண்) 18இல் வைக்காதீர்கள். 12ஆம் பின் அதுவேதான், பிட் கிளாக்கோடு மோதும். ஜிபிஐஓ 17க்கு மாற்றுங்கள்.

பையைப் பாட்டுப்பெட்டியாக்கும் மென்பொருள்களான வால்யூமியோவிலோ மூட் ஆடியோவிலோ ஐ2எஸ் பட்டியலில் 'ஹைஃபைபெரி டாக்' தேர்ந்தெடுத்து ரீபூட் செய்தால் இந்த மாட்யூல் பேசும். கடிகாரத்தில் கூடுதல் சுத்தம் வேண்டுமென்றால் 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு கிரிஸ்டல் வைத்த போர்டை வாங்கலாம். முதலாவது 44.1 குடும்பத்துக்கு, இரண்டாவது 48 குடும்பத்துக்கு. அப்போது போர்டே கடிகாரத்தை நடத்தும், பை அதைப் பின்தொடரும்.

இனித்தான் பேட்டரி வீட்டின் சிக்கல். ஒரே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து டிபிஏ3116 போன்ற கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கம்பி, 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் வழியாகப் பைக்கு இன்னொரு கம்பி என்று இழுப்பார்கள். பக் கன்வெர்ட்டரில் இரு பக்கத்துக் கிரவுண்டும் (மைனஸ்) பிரிவதில்லை. பேட்டரியின் மைனஸிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு வழி உண்டாகிறது: ஒன்று நேரே, மற்றொன்று பை வழியாக, டாக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆர்சிஏ கேபிளின் உறையில். ஆம்ப்ளிஃபயரும் பையும் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த உறையில் ஓடும், அதன் வோல்டேஜ் பாட்டோடு கலக்கும். பை வேலை செய்யும்போதெல்லாம் 'கீச்' என்று கேட்பது இதுதான். ஆம்ப்ளிஃபயரின் மைனஸ் கம்பி கழன்றால் ஆபத்து பெரிது. ஆம்ப்ளிஃபயரின் முழு மின்னோட்டமும் டாக்கின் கிரவுண்ட் வழியாகப் பாய்ந்து அதை எரித்துவிடும். அந்த முனையை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள், முறுக்கி விடாதீர்கள்.

சோதிப்பது சுலபம். பையை மட்டும் பவர் பேங்கில் ஓட்டுங்கள். கீச்சு நின்றால் குற்றம் டாக்கில் இல்லை, கிரவுண்ட் சுற்றில்தான். அதற்கு மருந்து இரண்டு: பைக்குக் கிரவுண்டைப் பிரிக்கும் ஐசலேட்டட் வகை 12-5 வோல்ட் கன்வெர்ட்டர், அல்லது ஆப்டிகல்.

ஆப்டிகல்

ஒளி மட்டுமே போகும், செம்பு கிடையாது. கிரவுண்ட் சுற்று அங்கேயே அறுகிறது. பேட்டரி வீட்டுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். பையில் ஆப்டிகல் துளை இல்லை, ஹைஃபைபெரி டிஜி போன்ற போர்டையோ யுஎஸ்பி-ஆப்டிகல் மாற்றியையோ சேர்க்க வேண்டும். 96 கிலோஹெர்ட்ஸ் வரை நம்பலாம், 192 சில ஜோடிகளில் ஓடும், சிலவற்றில் விட்டுவிட்டு வரும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ஆம்ப்ளிஃபயருக்கு ஆப்டிகல் இன்புட் இல்லாமல் சின்ன ஆப்டிகல் டாக் டப்பா வாங்குவார்கள். அதற்கும் 5 வோல்ட் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் பையின் யுஎஸ்பி துளை இருக்கும், அதிலேயே செருகிவிடுவார்கள். அறுத்த கிரவுண்ட் அந்த வழியாகத் திரும்ப ஒட்டிக்கொள்ளும், கீச்சும் திரும்பும். அந்த டப்பாவுக்கு ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்தே கரண்ட் கொடுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு ஆப்டிகல் சுலபம், பலவற்றில் இன்புட் இருக்கும். எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும் சின்னச் சதுர மூடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இன்புட், அவுட்புட் இரண்டும் ஒரே உருவம், மாற்றிச் செருகாதீர்கள். பை பாடும்போது கேபிளின் மறுமுனையில் சிவப்பு ஒளி தெரிய வேண்டும். புதுக் கேபிள் முனையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், அதைக் கழற்றாமல் குத்தினால் ரிசீவரின் துளை உடையும். 1990களின் ரிசீவர்கள் சில 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்காது. அமைப்பில் உச்ச வேகத்தை 48 என்று வைத்துவிடுங்கள். பின்தகட்டில் 100 வோல்ட் என்றிருந்தால் 230 வோல்ட்டில் நேரே செருகக் கூடாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் அளவு தகட்டில் உள்ள வாட்டைவிட ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை நீள்வதால், செருகாத ஆப்டிகல் துளைகளை மூடியே வையுங்கள். பூஞ்சை படிந்தால் ஒளி மங்கும். கேபிளை மடித்துச் சுருட்டாதீர்கள்.

கோஆக்சியல், எச்டிஎம்ஐ

கோஆக்சியலில் 192 வரை நிம்மதியாகப் போகும், ஆனால் செம்புக் கம்பி என்பதால் கிரவுண்டும் கூடவே போகும். அவுட்புட்டில் கிரவுண்டைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த போர்டாக இருந்தால் சரி. கேபிள் 75 ஓம், டிவிக்குப் போடும் மஞ்சள் ஆர்சிஏ கேபிளே வீட்டுக்குப் போதும்.

எச்டிஎம்ஐ டிவியோடு சேர்ந்த ரிசீவருக்கு மட்டும். பை எழும்போது ரிசீவர் அணைந்திருந்தால் ஒலிப் பட்டியலில் அது வராமல் போகலாம், ரிசீவரை முதலில் போடுங்கள். சில விலையுயர்ந்த டாக்குகளில் எச்டிஎம்ஐ போன்ற துளை இருக்கும், அது ஐ2எஸ். பையின் எச்டிஎம்ஐயை அதில் இணைக்காதீர்கள்.

முதன்முதலில் ஓட்டும்போது

ஆர்சிஏ கேபிளை எல்லாம் அணைந்திருக்கும்போதே செருகுங்கள். இரண்டு முனை பிளக்கில், எர்த் இல்லாத வீட்டில், அடாப்டரின் கசிவு விரலில் சுருக்கென்று தெரியும், ஸ்பீக்கரிலும் 'டம்' என்று அடிக்கும். பிசிஎம்5102ஏவில் ஒலியளவுக் கட்டுப்பாடு கிடையாது, 2.1 வோல்ட் நேரே வரும். ஆகவே சாஃப்ட்வேர் வால்யூமை 20இல் வைத்துத் தொடங்குங்கள்.

ஒரு 44.1 பாட்டை ஓடவிட்டு மூட் ஆடியோவின் ஆடியோ இன்ஃபோ திரையைப் பாருங்கள். வெளியே போகும் வேகமும் 44.1 என்று இருக்க வேண்டும். 48 என்று காட்டினால் நடுவில் ஏதோ மாற்றுகிறது, ரீசாம்ப்ளிங்கை அணையுங்கள். பைக்கு வரும் வோல்டேஜ் 4.63க்குக் கீழே போனால் எச்சரிக்கை எழும். காருக்கான மலிவு சார்ஜரிலும் மெல்லிய ஃபோன் கேபிளிலும் இது சகஜம். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர், பை 5க்கு 5 ஆம்பியர் கொடுங்கள்.

கரண்ட் சொல்லாமல் போகும் ஊரில் எஸ்டி கார்டு எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் அணைந்தால் கோப்புகள் கெடும். பாட்டுகளைத் தனி யுஎஸ்பி டிரைவில் வையுங்கள். எல்லா அமைப்பும் முடிந்து பாட்டு ஒழுங்காக வரத் தொடங்கியதும் கார்டை அப்படியே ஒரு பிரதி எடுத்து, அதே அளவுள்ள இன்னொரு கார்டில் ஏற்றிப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள்.