மூடுபனியில் துருப்பிடித்த .303 குழல்

பண்டாரவளைப் பக்கம் ஈரம் அதிகம். எங்கள் சுடுதல் கழகத்தின் பழைய .303 லீ என்ஃபீல்ட் நம்பர் 4 துவக்கை என்னதான் எண்ணெய் போட்டு வைத்தாலும், சுட்டு இரண்டு நாளில் குழலுக்குள் செந்துரு படிந்துவிடும். எண்ணெயின் தரம்தான் சரியில்லை என்றார்கள் சிலர். காரணம் தோட்டாவில் இருந்தது.

பழைய இராணுவத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது மருந்துக்குத் தீ மூட்டும் அடிப்பக்கச் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் தங்கும். சமையலறை உப்பு மழைக்காலத்தில் கசிவதுபோல இதுவும் காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. மேலே எண்ணெய், அடியில் துரு. தண்ணீர்தான் மருந்து.

இப்போது சுட்ட அன்றே இப்படிச் செய்கிறேன். துவக்கு காலி என்று பார்த்து, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, குழாய் மாட்டிய புனலைத் தோட்டா அமரும் சேம்பரில் வைத்து, ஒரு கேத்தல் கொதிநீரை ஊற்றுவேன். குழலின் வாய்ப்பக்கம் கீழே சாய்ந்திருக்க வேண்டும். மரப்பாகத்துக்குள் நீர் போகவே கூடாது, மரம் ஊதினால் குறியே மாறிவிடும். நீர் நன்றாகக் கொதித்திருந்தால் இரும்பு சூடாகித் தானே காயும். அப்புறம் உலர்ந்த துணி, கடைசியில்தான் எண்ணெய். போல்ட் முகப்பிலும் அதே உப்பு இருக்கும், அதையும் கழுவுங்கள். பல துவக்குகளை ஒன்றாகக் கழுவும்போது போல்ட்டுகளை மாற்றிப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் அதனதன் துவக்குக்கே அளந்து பொருத்தியது. மறுநாள் ஒருமுறை துணி விட்டுப் பார்ப்பேன். இந்த மழைக்காலம் முழுக்கத் துணி வெள்ளையாகவே வந்தது.