வேப் கருவிக்குள் சார்ஜர் பொருத்தும்போது நேரும் தவறுகள்

கையால் செய்த வேப் கருவியில் (மின்-சிகரெட்டில்) லித்தியம் அயான் செல்லைக் கழற்றாமலே சார்ஜ் ஏற்ற வழி செய்வது எளிதாகத்தான் தெரியும்: ஒரு டிபி4056 பலகை (ஒற்றைச் செல்லுக்கான சிறிய சார்ஜர் பலகை), இரண்டு வயர், பெட்டியில் ஒரு துளை. ஆனால் அதற்குப் பிறகு ஒரே செல்லில் இரண்டு பாதைகள் சேருகின்றன. சார்ஜ் பாதையில் ஓடுவது 1 ஆம்பியர். திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலின் பாதையில் 8 முதல் 20 ஆம்பியர் வரை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, சார்ஜர் பலகையின் வெளியீட்டு முனைகளில் காயிலை இணைப்பது. 0.5 ஓம் காயில், நிறைந்த 4.2 வோல்ட் செல்லிலிருந்து 8.4 ஆம்பியர் இழுக்கும். அந்தப் பலகையில் உள்ள டிடபிள்யூ01 பாதுகாப்புச் சிப் ஏறக்குறைய 3 ஆம்பியரிலேயே துண்டித்துவிடும். பட்டனை அழுத்தியதும் கருவி செத்துவிடுவதைப் பார்த்து, பலரும் காயில் வயரை நேராகச் செல்லுக்கு மாற்றிவிடுவார்கள். இப்போது கருவி வேலை செய்யும். ஆனால் ஷார்ட் ஆனாலோ, பையில் பட்டன் அழுந்தியே கிடந்து செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே வடிந்தாலோ தடுக்க எதுவும் இல்லை. காயில் பாதைக்கென்று தனிக் காவல் வேண்டும்: அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் ஒற்றைச் செல் பாதுகாப்புப் பலகை, செல்லின் நேர் முனைக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸ். செல்லும் தொடர்ந்து அவ்வளவு ஆம்பியர் தரக்கூடிய ரகமாக இருக்க வேண்டும்.

உலோகப் பெட்டி என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. யுஎஸ்பி சாக்கெட்டின் உலோக உறை, பலகையின் வெளியீட்டு எதிர்முனையோடு சேர்ந்தது. பெட்டியோ செல்லின் எதிர்முனையோடு சேர்ந்திருக்கும். இரண்டும் தொட்டால் இடையில் இருக்கும் பாதுகாப்பு மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்னணு சுவிட்ச்) முழுவதும் ஓரங்கட்டப்படும். சாக்கெட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையம் வையுங்கள்.

சார்ஜ் ஏறும்போது புகைக்க விடுவது அடுத்த தவறு. மின்னோட்டம் நிர்ணயித்த அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் டிபி4056 சார்ஜை நிறுத்தும். இடையில் கருவி மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு குழம்பும். காயிலை மாஸ்ஃபெட் வழியே இயக்குபவர்களுக்குத் தீர்வு எளிது. ஒரு சிறிய என்பிஎன் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு யுஎஸ்பியின் 5 வோல்ட்டை 10 கிலோ ஓம் வழியாகக் கொடுங்கள். கலெக்டரை மாஸ்ஃபெட்டை இயக்கும் முனையான கேட்டிலும் எமிட்டரைச் செல்லின் எதிர்முனையிலும் இணையுங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை பட்டன் வேலை செய்யாது. பட்டனுக்கும் கேட்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம் வைக்க மறந்தால், கேபிள் செருகியிருக்கும்போது பட்டனை அழுத்தினால் செல்லின் மின்சாரம் தடையின்றி டிரான்சிஸ்டருக்குள் பாய்ந்து அதைச் சூடாக்கும், பட்டனும் தடைபடாது.

பலகை எவ்வளவு ஆம்பியர் தரும் என்பதை அதன் ஒரு ரெசிஸ்டர் தீர்மானிக்கிறது. 1.2 கிலோ ஓம் என்றால் 1 ஆம்பியர், 2 கிலோ ஓம் என்றால் சுமார் 0.58. 2500 மில்லிஆம்பியர்-மணி செல்லுக்கு 1 ஆம்பியர் சரி. 600 கொள்ளளவுள்ள சிறிய செல்லுக்கு அது மிக அதிகம். வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள்: செல் 3 வோல்ட்டில் இருக்கும்போது மீதி 2 வோல்ட்டையும் சிப்பே வெப்பமாக்குகிறது, அதாவது 2 வாட். மூடிய பெட்டிக்குள் செல்லை ஒட்டி அந்தச் சிப்பை வைக்கக் கூடாது. 60 டிகிரியை நெருங்கினாலே பிஎல்ஏ (3டி அச்சுப் பிளாஸ்டிக்) பெட்டி இளகும். செல் வாயு வெளியேற ஒரு துளையும் கட்டாயம்.

தொடராக இரண்டு செல் வைத்த கருவிக்கு இந்தப் பலகை உதவாது, 8.4 வோல்ட்டும் செல் சமப்படுத்தலும் உள்ள சார்ஜர்தான் வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லுக்கும் ஆகாது, அதன் உச்சம் 3.65 வோல்ட்.

செல்லின் முனையில் நேராகச் சால்டர் வைக்காதீர்கள். சூடு உள்ளே இருக்கும் பிரிப்புப் படலத்தைக் கெடுக்கும். ஹோல்டர் அல்லது ஸ்பாட் வெல்டு செய்த நிக்கல் பட்டை போதும். யுஎஸ்பி-சி சாக்கெட்டைத் தனியாகப் பொருத்தினால் இணைப்பை உணரும் இரண்டு சிசி முனைகளுக்கும் தனித்தனி 5.1 கிலோ ஓம் தேவை. இல்லையென்றால் இருபுறமும் சி முனை கொண்ட கேபிளில் மின்சாரம் வராது.

முதல் சார்ஜைத் தீப்பிடிக்காத தளத்தில், அருகில் இருந்து பார்த்தபடி ஏற்றுங்கள். முடிந்ததும் செல்லில் மீட்டர் வைத்தால் 4.2 வோல்ட் அருகே காட்ட வேண்டும். 4.26-ஐத் தாண்டினால் அந்தப் பலகையைக் கழற்றிவிடுங்கள்.