பேட்டி கொடுத்துப் பழகியவரை மனம்விட்டுப் பேச வைப்பது எப்படி? பாட்காஸ்ட் நேர்காணல் செய்முறை

பிரபலமானவர்களிடம் எந்தக் கேள்விக்கும் கைவசம் ஒரு பதில் இருக்கும். எங்கே நிறுத்துவது, எங்கே சிரிப்பது என்பது வரை பழகிப்போன பதில். அதை வாங்கிக்கொண்டு வர நீங்கள் தேவையில்லை, பழைய பேட்டிகளே போதும். அதற்குப் பின்னால் இருப்பதை எடுப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

1. பழைய பேட்டிகளைக் கேளுங்கள்

குறைந்தது ஐந்து, முழுதாக. நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம், எல்லாப் பேட்டியிலும் திரும்பத் திரும்ப வரும் கதைகள். வலப்பக்கம், ஒரே வரியில் கடந்துபோன விஷயங்கள்: சட்டென்று தாண்டிய இரண்டு வருடங்கள், பாதியில் விட்ட வேலை, பிரிந்துபோன கூட்டாளி. உங்கள் பேட்டி வலப்பக்கத்தில் இருக்கிறது. இடப்பக்கக் கதைகளை முன்னுரையில் நீங்களே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள்.

2. முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியவை

60 நிமிடப் பேச்சுக்கு 90 நிமிடம் கேளுங்கள். மைக் பொருத்தவே கால் மணி நேரம் போகும். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொல்லுங்கள், கேள்விகளை அனுப்பாதீர்கள். அனுப்பினால் உதவியாளர் எழுதிக்கொடுத்த பதில்தான் வரும். "வெளியிடும் முன் எங்களுக்குக் காட்டுங்கள்" என்பார்கள். தகவல் பிழையைத் திருத்துகிறோம், எதை வெளியிடுவது என்பது எங்கள் முடிவு என்று அப்போதே எழுத்தில் தெளிவாக்கிவிடுங்கள். பேட்டி முடிந்தபின் இதைப் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

3. கேள்வித்தாள்

ஒரு மணி நேரத்துக்கு ஆறேழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முதல் கேள்வி. அவ்வளவுதான். முப்பது கேள்வி எழுதினால் கண் தாளிலேயே இருக்கும், காது கேட்காது. சங்கடமான கேள்வியை 40-ஆவது நிமிடத்தை ஒட்டி வையுங்கள். தொடக்கத்திலேயே கேட்டால் கடைசி வரை உஷாராகவே பேசுவார். கடைசிக்குத் தள்ளினால் நேரம் முடிந்துவிடும்.

4. ஒலிப்பதிவு

ஆளுக்கு ஒரு டைனமிக் மைக் (பெரும்பாலும் அருகில் வரும் குரலை மட்டும் பிடிக்கும் வகை), வாயிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர், நேராக இல்லாமல் சற்றே சாய்வாக. நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். அதைவிட நுட்பமாக ஒலி பிடிக்கும் கண்டென்சர் மைக் அறையின் எதிரொலியையும் சேர்த்து வாங்கும், சாதாரண அறைக்கு அது வேண்டாம். ஒவ்வொருவர் குரலும் தனித்தனி டிராக்கில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக (ஒலியைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) பதியட்டும். உரக்கச் சிரிக்கும்போதும் ரெக்கார்டரில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் -6 டெசிபலைத் (0 தான் உச்சம்) தாண்டக்கூடாது, சாதாரணப் பேச்சு -12-ஐ ஒட்டி இருக்கட்டும். ஏசி, ஃபேன், போன் எல்லாம் அணையட்டும். ஹெட்போனை நீங்கள் கழற்றவே கூடாது, கேபிள் தளர்ந்தால் அதில்தான் தெரியும். இரண்டாவது ரெக்கார்டர் ஒன்று தனியாக ஓடட்டும், இப்படிப்பட்டவர்கள் மறுபடி நேரம் தரமாட்டார்கள்.

ஆன்லைனில் எடுப்பதானால் அவரவர் கணினியிலேயே பதிவு செய்யுங்கள். வீடியோ காலின் ஒலியை நம்பினால் இணையம் தடுமாறும் இடத்திலெல்லாம் சொற்கள் உடையும்.

5. பேச்சு

நிறுவனம் நடத்தும் ஒருவரிடமிருந்து சாதாரணமாக வரும் ஒரு பதிலைப் பாருங்கள்: "அது கஷ்டமான வருஷம்தான், ஆனா டீம் கூடவே நின்னாங்க." புதியவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். போகாதீர்கள். "கஷ்டம்" என்ற சொல்லைப் பிடியுங்கள்: "சம்பளம் போட முடியாதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு, முதல்ல யார்கிட்ட சொன்னீங்க சார்?" இதற்குத் தயார் பதில் கிடையாது. அவர் அந்த நாளை, அந்த அறையை நினைவுபடுத்தித்தான் ஆகவேண்டும். "எப்படி உணர்ந்தீர்கள்" என்றால் பொதுவாக ஏதோ சொல்வார். "என்ன நடந்தது", "யார் இருந்தார்கள்", "என்ன சொன்னீர்கள்" என்றால் நடந்தது வரும்.

கேட்டபின் வாயை மூடுங்கள். பதில் முடிந்ததுபோல் தோன்றினாலும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் தாங்காது, ஆனால் பெரும்பாலும் அதை நிரப்ப அவரே இன்னொரு வாக்கியம் சொல்வார், பலமுறை அதுதான் பேட்டியின் சிறந்த வரி. இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கோக்காதீர்கள், சுலபமானதற்கு மட்டும் பதில் வரும். "ம்", "ஆமா ஆமா" வேண்டாம், கண்ணால் ஆமோதித்தால் போதும்.

மழுப்பினால் வேறு சொற்களில் ஒருமுறை மட்டும் திரும்பக் கேளுங்கள். அப்போதும் சொல்லவில்லை என்றால் விடுங்கள், மறுத்தார் என்பது கேட்பவருக்கே புரியும்.

"நன்றி" சொன்னதும் ரெக்கார்டரை அணைக்காதீர்கள். இறுக்கம் தளர்ந்து அப்போதுதான் சிலர் பேசத் தொடங்குவார்கள். இன்னும் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். ஒளித்துப் பதிவது துரோகம். பிறகு 30 விநாடி யாரும் பேசாமல் அறையின் ஒலியைப் பதியுங்கள், வெட்டிய இடங்களை ஒட்ட உதவும்.

6. எடிட்டிங்

திக்கல்களையும் திரும்பச் சொன்னவற்றையும் வெட்டலாம். ஒரு கேள்வியின் பதிலை இன்னொரு கேள்விக்கு ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது. அவர் சொன்ன வருடங்களையும் தொகைகளையும் சரிபாருங்கள். ஒலி அளவை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைக்கும் -16 எல்யூஎஃப்எஸ்-க்கு (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவாருங்கள். மௌனங்களைத் தானாக நீக்கும் பட்டனை மட்டும் தொடாதீர்கள். சங்கடமான கேள்விக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட நான்கு விநாடியும் அதில் போய்விடும்.