கிளிசராலைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள்

பாம்பனில் மீன் வாங்கும்போது என் அம்மா செவுளைப் பார்ப்பதோடு நிற்கமாட்டார், விரலால் அழுத்தியும் பார்ப்பார். உறைந்து இளகிய மீன் என்றால் நீர் கசிந்து சதை குழையும். உள்ளே மெதுவாக வளர்ந்த பனித்துகள்கள் சதையைக் கிழித்திருக்கும். புரதத்தின் வடிவத்தை அறிய வளர்க்கும் புரதப் படிகத்துக்கும் இதே ஆபத்துதான். ஏறத்தாழப் பாதி நீராலானது அது. நீரோ பனிக்கட்டியானால் 9 சதவீதம் விரியும். எக்ஸ் கதிர் ஆய்வுக்காக 100 கெல்வினுக்கு நொடியில் குளிர்விக்கும்போது நீர் பனியாகாமல் கண்ணாடிபோல் இறுகவே கிளிசரால் போன்ற உறைகாப்பியை, அதாவது பனி உருவாவதைத் தடுக்கும் பொருளைச் சேர்க்கிறோம்.

அதைச் சேர்க்கும் விதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தாய்க் கரைசல் (படிகம் வளர்ந்த கரைசல்) முக்கால் பங்கு, கிளிசரால் கால் பங்கு என்று கலந்தால், அதிலுள்ள உப்பும், புரதத்தைக் கரையவிடாமல் படிகமாக்கும் வீழ்படிவாக்கியும் கால்வாசி நீர்த்துப்போகும். என் முதல் படிகம் நுண்ணோக்கியின் கீழேயே கரைந்தது. இரண்டு நாள் புரதத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கிளிசரால் நீரின் இடத்தைப் பிடிக்க வேண்டும், மற்றவற்றின் பங்கைத் தின்னக் கூடாது. ஆகவே செறிந்த மூலக் கரைசல்களிலிருந்து புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். கிளிசரால் பல புரதங்களின் கரைதிறனைக் கூட்டும் என்பதால் வீழ்படிவாக்கியைச் சற்று ஏற்றுவதும் நல்லது.

எல்லாவற்றுக்கும் கிளிசராலா? கரைசலில் ஏற்கெனவே 30 சதவீதத்துக்கு மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் 400 என்ற வீழ்படிவாக்கி இருந்தால் அதுவே காப்பாகும், பெரும்பாலும் வேறெதுவும் வேண்டாம். உப்பு மிகுந்த கரைசலுக்குச் சோடியம் மலோனேட்டை முயலலாம். மன்னார் வளைகுடாப் பாசியிலிருந்து எடுத்த லெக்டின் போன்ற, சர்க்கரையைப் பிடிக்கும் புரதம் என்றால் கூடுதல் கவனம் தேவை: சர்க்கரை அமர வேண்டிய குழியில் கிளிசரால் போய் உட்கார்ந்துகொள்ளும். அதையே கண்டுபிடிப்பு என்று கொண்டாடியவர்களும் உண்டு.

படிகத்தை ஏந்தும் சிறு வளையமான கண்ணியை, படிகமில்லாமல் வெறுமனே கரைசலில் தோய்த்து முதலில் குளிர்வித்துப் பாருங்கள். வெளுத்தால் காப்பு போதாது. தெளிவாக இருப்பது நீர் இறுகியதற்கு மட்டுமே சாட்சி, படிகம் தப்பியதற்கு அல்ல. அதனால் அறை வெப்பநிலையிலும் ஒரு படிகத்தைச் சோதித்து வைத்தால்தான் பழுது எங்கே நேர்ந்தது என்று தெரியும்.

கடைசியாக, நம் கடற்கரை ஈரம். மூடாமல் வைத்த திரவ நைட்ரஜனில் சிறிது நேரத்திலேயே வெண்பனித் துகள் மிதக்கும். எக்ஸ் கதிர்ப் படத்தில் 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் பனியைக் காட்டும் வளையங்கள் தெரிந்ததும் கிளிசராலைக் கூட்டாதீர்கள். பனி வெளியே ஒட்டியதாகவும் இருக்கலாம். பாத்திரத்தை மூடி வைத்து, துகள் சேர்ந்த நைட்ரஜனைக் கொட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.