ஹாலோவீன் இரவில் வீடு வீடாக மிட்டாய் வாங்கப் பிள்ளைகளோடு போகிறீர்களா?
டொராண்டோவில் அக்டோபர் 31 அன்று மாலை 6.30-க்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். பிள்ளைகளோ சூனியக்காரி, வௌவால் என்று கறுப்பு வேடம்தான் கேட்பார்கள். சரி, போடட்டும். முதுகிலும் மிட்டாய்ப் பையிலும் வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். கையில் ஒரு டார்ச். முகமூடி பக்கவாட்டில் வரும் காரை மறைக்கும், முகச்சாயமே மேல். அதையும் முதல் நாளே கையில் தடவிப் பாருங்கள், அரித்தால் வேண்டாம். வேடத்தை ஓர் அளவு பெரிதாக வாங்கினால் உள்ளே ஜாக்கெட் போடலாம் (இல்லாவிட்டால் ஜாக்கெட்தான் வேடம்!). ஆனால் கால் தடுக்காத நீளம் இருக்கட்டும்.

வாசல் விளக்கு எரியாத வீட்டில் மிட்டாய் தரமாட்டார்கள், தாண்டிப் போய்விடுங்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையா? நீலப்பச்சைப் பூசணி வைத்த வீடுகளில் தின்பண்டத்துக்குப் பதில் சின்னப் பொம்மை, ஸ்டிக்கர் கிடைக்கும். குட்டி சாக்லேட் உறைகளில் பல நேரம் சேர்மான விவரமே இருக்காது. அப்புறம், வீட்டுக்கு வந்து நீங்கள் பார்த்த பிறகுதான் எதுவும் வாய்க்குள் போக வேண்டும்.