‘செட்’ எங்கே என்று முதலில் பாருங்கள்

பாலக்கோட்டில் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். ரிப்போர்ட்டட் ஸ்பீச், அதாவது ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்வது, என்றதும் எல்லோரும் டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அதை மூடி வையுங்கள். ‘சொன்னார்’ என்ற வினையைத் தேடுங்கள், இங்கிலீஷில் அதுதான் ‘செட்’ (said).

தமிழில் அது கடைசியில் வரும். “தக்காளி இறக்கிட்டு இருக்கேன்னு மாமா சொன்னாரு.” மாமா பேசிய ‘இருக்கேன்’ ஆளும் மாறாமல், காலமும் மாறாமல் அப்படியே நிற்கிறது. இங்கிலீஷில் ‘அங்கிள் செட்’ முன்னால் வந்துவிடும். அது இறந்தகாலம், அதனால் உள்ளே வரும் வாக்கியமும் ஒரு படி பின்னால் போகும்: ‘அங்கிள் செட் தட் ஹி வாஸ் அன்லோடிங் டொமேட்டோஸ்.’ ‘ஐ’ என்பது ‘ஹி’ ஆனதையும் கவனியுங்கள். இப்போது பேசுவது நீங்கள், மாமா இல்லை.

ஒரு படி என்றால் இவ்வளவுதான்: ‘இஸ்’ ‘வாஸ்’ ஆகும், ‘வில்’ ‘வுட்’ ஆகும், ‘கேன்’ ‘குட்’ ஆகும், ‘வென்ட்’ ‘ஹேட் கான்’ ஆகும். ‘ஷுட்’ அசையாது. முன்னால் ‘செஸ்’ என்று நிகழ்காலம் இருந்தால் டென்ஸில் கை வைக்காதீர்கள்.

ஒகேனக்கல் காவிரியில் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னால் ‘இஸ்’ அப்படியே இருக்கலாம். அருவி இன்றும் அங்கேதான். ‘மை பிரதர் வொர்க்ஸ் இன் ஓசூர்’ போன்றவற்றைப் பேச்சில் இரண்டு விதமாகவும் சொல்லலாம். பரீட்சையில் ‘வொர்க்ட்’ எழுதுங்கள், அதுதான் பத்திரம்.

அதிக மார்க் போவது கேள்வி வாக்கியத்தில்தான். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் “வேர் ஆர் யூ கோயிங்?” என்று கேட்கிறார். ‘தி கண்டக்டர் ஆஸ்க்ட் மி வேர் ஐ வாஸ் கோயிங்.’ ‘வேர் வாஸ் ஐ’ என்று எழுதினால் தப்பு. ‘ஆஸ்க்ட்’ வந்ததுமே கேட்கிற வேலை முடிந்தது. உள்ளே இருப்பது இனி சாதாரண வாக்கியம், கேள்விக்குறியும் வேண்டாம். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு ‘இஃப்’ போடுங்கள். “டஸ் திஸ் பஸ் கோ டு அரூர்?” என்பது ‘ஐ ஆஸ்க்ட் இஃப் தட் பஸ் வென்ட் டு அரூர்’ ஆகும். ‘டஸ்’ காணாமல் போய், அதன் காலம் ‘வென்ட்’டுக்குள் வந்துவிட்டது.

‘செட் மி’ என்று எழுதவே கூடாது. ‘டோல்ட் மி’, இல்லையென்றால் ‘செட் டு மி’.

‘டுமாரோ’வை எப்போதும் ‘தி நெக்ஸ்ட் டே’ ஆக்கச் சொல்லித் தருகிறார்கள். காலையில் கேட்டதை அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னால் ‘டுமாரோ’ என்றே சொல்லலாம். அடுத்த வாரம் சொன்னால் மாற்றியாக வேண்டும். வினாத்தாளில் எப்போது சொன்னார்கள் என்று இருக்காது, அதனால் அங்கே மாற்றி எழுதுங்கள்.